கொடி எழுத்தும் மாரண்டஹள்ளி சம்பந்தமும்

நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அச்சகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சுகுணா ஃபோன் செய்தாள்.

"மேரிக்கா, கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டருக்குள்ள ஒரே ஒரு ஃபான்ட் தனியாக் கெடக்குது. 'கேட்டுவிட்டுத் தொடவும்'னு பேர் வெச்சிருக்கீங்க. யாரைக் கேக்கணும்?"

"என்னைத்தான்" என்றேன்.

"சரி, கேக்கறேன். தொடலாமா?"

அதற்குள் அவளிடம் யாரோ வந்து நின்றுவிட்டார்கள். இப்போதெல்லாம் வருகிறவர்கள் செல்ஃபோனில் ஒரு படத்தை நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்று ஆரம்பிப்பார்கள். "எழுதி அனுப்புங்கக்கா, சாவகாசமாப் படிக்கறேன்" என்று வைத்துவிட்டாள். எனக்கும் இப்போது சாவகாசத்துக்குக் குறைவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளிக்கூடம் முடித்தேன், டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் தேறினேன், தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில் சேர்ந்தேன். இரண்டு வருடம் ஈய எழுத்துக் கோர்த்தேன். கோர்த்ததைவிடக் கீழே கொட்டியதுதான் அதிகம். கம்ப்யூட்டர் வந்த அன்று, தப்பித்தோம் என்று ஓடிப்போய் முதலில் அதன்முன் உட்கார்ந்தவள் நான். ஈய எழுத்துக்காக ஏங்கிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்களில் ஒருவர்கூட அதைக் கோர்த்தவராக இருக்க மாட்டார்.

அச்சகத்தின் முதலாளி ஜாஃபர் பாய். எங்கள் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், மரியாதை இன்னும் கூடும். "ஏங்க மேரி, கொஞ்சம் இங்க வரீங்களாங்க" என்று இரண்டு 'ங்க' சேர்ந்து விழுந்தால் நான் சிலுவை போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பேன்.

அவர் ப்ரூஃப் பார்க்கும் விதமே தனி. நான் அடித்துக் கொடுத்த தாளைச் சுவரில் நான்கு குண்டூசியால் குத்துவார். பிறகு வாசலுக்குப் போவார், சாக்கடைமேல் போட்ட கல்லைத் தாண்டுவார், எதிர்ப்புறம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு படிப்பார். அங்கிருந்து பெயரும் ஊரும் தெரிந்தால்தான் உள்ளே வருவார். வந்து தாளைத் தலைகீழாகத் திருப்பிக் குத்துவார். தலைகீழாக இருக்கும்போது சொல் மறைந்துவிடும், எழுத்துக்கு எழுத்து இருக்கும் இடைவெளி மட்டும் கண்ணில் படும் என்பார். நெருக்கமான இடத்தில் நகத்தால் ஒரு கீறல், அகலமான இடத்தில் இரண்டு. அதைச் சரிசெய்த பிறகுதான் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்.

அவர் வகுத்த சட்டம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர். ஒன்று மங்கலம்: கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா. இன்னொன்று துக்கம்: கண்ணீர் அஞ்சலி, கருமாதிப் பத்திரிகை. இதில் இருக்கும் எழுத்து அதற்குப் போகாது, அதில் இருப்பது இதற்கு வராது.

"ஆளுங்க படிக்கறதுக்கு முந்தியே எழுத்தப் பாத்துடுவாங்க. நல்ல சேதியா, கெட்ட சேதியான்னு தூரத்துலயே நெஞ்சுக்குத் தெரியணுங்க" என்பார்.

நான் சொல்லவந்த எழுத்து மங்கலம் ஃபோல்டரில் இருந்தது. குறுந்தகட்டில் ஒரு கட்டாக வந்தவற்றில் ஒன்று, பெயர்கூட இல்லாமல் ஒரு எண்ணோடு வந்தது. நாங்கள் அதற்குக் கொடி எழுத்து என்று பெயர் வைத்தோம். தடித்த கோடுகளின் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். ஒவ்வொரு எழுத்தும் முடியும் இடத்தில் கோடு இளைத்து, கொடியாகச் சுருண்டு, நுனியில் சின்னதாக ஒரு மொட்டோடு நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி வட்டமாக இருக்காது, நாலு இதழ் பூவாக இருக்கும். ழகரத்தின் கால் கீழே இறங்கி அடுத்த எழுத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். 'அழைப்பிதழ்' என்ற சொல்லில் ழகரம் இரண்டு முறை வருவதால், அந்த ஒரு சொல்லுக்காகவே யாரோ இதை வரைந்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

அழகு அதிகம், வம்பும் அதிகம். சின்ன அளவில் போட்டால் நடுவில் ஓடும் வெள்ளைக் கோடு மையில் அடைத்துக்கொள்ளும். கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் இரண்டு கொடிகள் முட்டிக்கொள்ளும், கையால் பிரித்து வைக்க வேண்டும். நாலு வரிக்குமேல் போட்டால் படிக்கிறவருக்குத் தலை சுற்றும். ஆகவே தலைப்புக்கும் மணமக்கள் பெயருக்கும் மட்டும்தான். இன்னொரு குறை, அதில் ஹகரத்துக்குக் கொடியே கிடையாது, வெளியூரிலிருந்து தனியாக வந்த ஆள் மாதிரி மொட்டையாக நிற்கும். எங்கள் மாவட்டத்திலோ திரும்பின பக்கமெல்லாம் 'ஹள்ளி'. பக்கத்து எழுத்தின் கொடியை வெட்டி எடுத்து நானே அதற்கு ஒட்டவைத்தேன். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இனி நடந்ததில் பாதி அந்தக் கர்வத்தால் வந்ததுதான்.

பாய் காகிதம் எடுக்கச் சேலத்துக்குப் போயிருந்த ஒரு நாள், இண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய அம்மா கிராமத்து நர்ஸ், கண்ணம்மா என்று பெயர். அந்தப் பக்கத்தில் பல ஊர்களுக்குப் பிரசவம் பார்த்தவர், முந்தின நாள் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும். துக்கம் ஃபோல்டரில் இருந்த கனமான கறுப்பு எழுத்தில் பெயரைப் போட்டுக் காட்டினேன்.

"எங்கம்மா வாழ்நாள் பூரா வெள்ளச் சேலையிலயே சுத்துனாங்க. பேராவது கொஞ்சம் அழகா இருக்கட்டுங்களே" என்றாள்.

எனக்கு மனசு தாங்கவில்லை. கொடி எழுத்தை எடுத்தேன். 'கண்ணம்மா' என்ற பெயர் அதில் எப்படி அமைந்தது என்று நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக அமைந்தது. இண்டூரிலிருந்து நல்லம்பள்ளிவரை சுவர்களிலும் பஸ் ஸ்டாப்புகளிலும் ஒட்டினார்கள்.

பாய் திரும்பி வந்து ஒரு போஸ்டரை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார். வந்து, "நல்லாத்தாங்க இருக்குது. ஆனா இனிமே மழை பேஞ்சு அதெல்லாம் சுவத்துலருந்து விழற வரைக்கும் இந்த எழுத்தக் கல்யாணத்துக்கு எடுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக நினைவிருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். இண்டூரை அடுத்த ஒரு ஊரிலிருந்து மாதையன் என்ற விவசாயி தன் மகள் அமுதாவைக் கூட்டிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். மாப்பிள்ளை மாரண்டஹள்ளி, காய்கறி வியாபாரம். மாதையன் விவரங்களைச் சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போனார். அமுதா, மாதிரிப் பத்திரிகைகள் ஒட்டிய ஆல்பத்தை முழுக்கப் புரட்டிவிட்டு மூடி வைத்தாள்.

"அக்கா, கொடி மாதிரி சுருண்டு, நுனியில மொட்டு இருக்குமே, அந்த எழுத்து இருக்குதுங்களா?"

"அதை எங்க பார்த்தே?"

"நர்சம்மா போஸ்டர்ல. என்னை எடுத்தவங்க அவங்கதான். எங்க வூட்லயே பொறந்தேன். கால் மொதல்ல வந்துச்சாம். எல்லாரும் கைய விரிச்சுட்டாங்க, அவங்கதான் காப்பாத்துனாங்களாம். கல்யாணத்துக்கு மொதப் பத்திரிகைய அவங்க கையிலதான் குடுக்கணும்னு இருந்தேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பாய் வரட்டும் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். பள்ளிவாசல் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம், என் எழுத்தைத் தேடிக்கொண்டு ஒருத்தி வந்திருக்கிறாள் என்ற பெருமை ஒரு பக்கம். உட்கார்ந்து போட்டேன். மாதையன் டீ குடித்துவிட்டு வந்து, பெயர்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். பாய் வருவதற்குள் அச்சுக்கான பிளேட் எடுத்தாகிவிட்டது.

பாய் வந்து அச்சாகிக்கொண்டிருந்த பத்திரிகையில் ஒன்றை எடுத்தார். "பொண்ணு எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். "மாப்ளை?" சொன்னேன். "மாரண்டஹள்ளிக்காரங்க இண்டூர்ச் சுவத்த எங்க பாத்திருக்கப் போறாங்க" என்று கீழே வைத்துவிட்டார். முப்பது வருடத்தில் அவர் சட்டத்தைத் தளர்த்தியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா நாகம்மா பார்த்திருந்தார். நிச்சயத்துக்கு வந்து திரும்பும்போது இண்டூர் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார். எதிரிலேயே அந்தப் போஸ்டர். பத்திரிகைக் கட்டு மாரண்டஹள்ளிக்குப் போய்ச் சேர்ந்த அன்றே திரும்பி வந்துவிட்டது. "கருமாதி எழுத்துல எம் பையன் பேரா? இந்தச் சம்பந்தமே யோசிக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாதையன் அந்தக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு அச்சகத்துக்கு வந்தார். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது ரெண்டாவதுங்க. மொதல்ல அமைஞ்ச எடம், பேசி முடிச்சு வெளிய வரப்ப பூனை குறுக்கப் போச்சுன்னு நிறுத்திட்டாங்க. அதுக்கப்பறம் நாலு வருசமா யாரும் வரல. இதுவும் நின்னா ராசியில்லாத பொண்ணுன்னு முத்திரை குத்திடுவானுங்க. அப்பறம் யாருங்க வருவாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாலு சுருள் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன் நான்.

பாய் கேட்டார். "அந்த எழுத்த யாரு கேட்டது?"

"எம் பொண்ணுதாங்க" என்று மாதையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அத யாருகிட்டயும் சொல்லாதீங்க. செத்தவங்க எழுத்த அந்தப் பொண்ணே தேடிக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் பேச்சு வாங்கும். தப்பு எங்களோடது. நாங்க பாக்காமப் போட்டுட்டோம். நாங்களே போய்ச் சொல்லிக்கறோங்க."

பிறகு என்னைப் பார்த்து, "நானுந்தாங்க விட்டேன்" என்றார்.

அன்று மதியமே பத்திரிகையைப் புதிதாகப் போட்டேன். எந்த அலங்காரமும் இல்லாத, உருண்டையான, சாதாரண எழுத்து. புள்ளி என்றால் புள்ளி, கால் என்றால் கால். அமுதாவின் பெயரை அதில் போட்டுவிட்டுப் பார்த்தால் ஏதோ வெறிச்சென்று இருந்தது. பெயரைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இடம் விட்டேன். மேலே இருந்த வரியைச் சிறிதாக்கினேன், கரையில் ஒற்றைக் கோடு மட்டும் வைத்தேன். பாய் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார், வந்தார், தலைகீழாகக் குத்தினார், ஒரு இடத்தில்கூட நகம் வைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அடித்து, வெட்டி, மடித்து முடித்தோம்.

மறுநாள் காலை பாயும் நானும் புதுப் பத்திரிகைக் கட்டோடு பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினோம். வழி முழுக்க நான் சொல்ல வேண்டிய பொய்யை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். எழுத்தைத் தேர்ந்தெடுத்தது நான், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டே வரி. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் மாறிப்போனது.

நாகம்மா வாசலில் வெங்காயத்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று உயரமான மனுஷி. யார் என்று சொன்னதும் கட்டைப் பார்த்து, "பேடா" என்றார். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். அந்த வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்துதான் ஓடும். வேண்டாததை மட்டும் கன்னடத்தில் சொல்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார்.

பாய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நாகம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே டைப் பண்ணது? அத்தன எழுத்து இருக்கறப்ப ஏங்க அதப் போட்டீங்க?"

"நானாத்தாங்க போட்டேன். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆல்பத்துல இருக்கறதக் காட்டினேன், அது... அது பாத்துட்டு சரின்னுச்சு. இல்லைங்க, பாக்கவே இல்ல..."

ஒப்பித்தது முழுவதும் குழம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சிவராஜ் மண்டியிலிருந்து உள்ளே வந்தார். நாங்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நின்ற இடத்திலேயே சொன்னார்.

"அம்மா, அந்த எழுத்தக் கேட்டது அமுதாதான். அச்சடிக்கக் குடுத்த அன்னிக்கே எங்கிட்ட ஃபோன்ல சொல்லுச்சு. அந்த நர்சம்மாதான் அதுக்குப் பிரசவம் பாத்தவங்களாம். அவங்க நெனப்புக்காகக் கேட்டுச்சாம். நானும் சரின்னேன். நீ இவ்வளவு கோவப்படுவேன்னு தெரியாமப் போச்சு."

பாய் கண்ணை மூடிக்கொண்டார். மூடி மறைக்கத்தான் இத்தனை தூரம் வந்தோம், அது இப்போது கூடத்தில் எல்லோர் முன்னாலும் கிடந்தது.

நாகம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

பாய்தான் பதில் சொன்னார். "பொண்ணு மேல பேச்சு வந்துடக் கூடாதுன்னுங்கம்மா. எங்க மேல வந்தா நாங்க தாங்கிக்குவோம். சின்னப் பொண்ணு."

"உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லைங்க."

"பக்கத்து வூடா?"

"இல்லைங்கம்மா. பத்திரிகை அடிக்க வந்த பொண்ணுதாங்க."

நாகம்மா புதுப் பத்திரிகை ஒன்றை உருவி எடுத்தார். தள்ளிப் பிடித்துப் படித்தார், கிட்டே கொண்டுவந்து படித்தார், விரலால் மகனின் பெயரைத் தடவினார். "அந்த எழுத்தப் பாத்தா இப்பவும் எனக்குத் திக்குங்குது. எம் மாமனார் செத்தது, எம் புருசன் செத்தது எல்லாம் ஞாபகத்துக்கு வருது. அத நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. இத்தனை நாள் நான் பிடிவாதக்காரி என்று நினைத்திருந்த மனுஷி பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'தூரத்துலயே நெஞ்சுக்குத் தெரியணும்' என்று பாய் சொன்னது இவரைப் போன்றவர்களை நினைத்துத்தான்.

"வெச்சுட்டுப் போங்க, பாக்கலாம்" என்றார் கடைசியில்.

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பாலக்கோட்டில் பஸ் நின்றபோது பாய் இரண்டு டீ வாங்கினார், இரண்டையும் குடிக்காமல் வைத்துவிட்டு ஏறினோம். இந்தச் சம்பந்தம் நின்றுபோனால் இனி அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது மாதையன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் புதுப் பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள். "மாரண்டஹள்ளியில சாமிகிட்ட வெச்சுட்டாங்களாம். ஊருக்கெல்லாம் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். உங்களுக்குத்தாங்க மொதல்ல கொண்டாந்தேன்" என்று நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சின் மேலிருந்து யாரோ அம்மிக்கல்லை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. பாய் உள்ளே போய்த் தனியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஏங்க மேரி, உக்காந்துட்டா வேலை ஆகுங்களாங்க" என்றார். இரண்டு 'ங்க' விழுந்தும் அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அன்றைக்கே கொடி எழுத்தைத் தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். சுகுணா, தாராளமாகத் தொடலாம். அந்தப் போஸ்டர்களெல்லாம் மழையில் கரைந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. எடுப்பதற்கு முன்னால், இது யார் யார் வீட்டுக்குப் போகும் என்று மட்டும் கேட்டுக்கொள். உன் கண்ணுக்கு அழகாக இருப்பது போதாது.

கல்யாணத்துக்குப் பாயும் நானும் போயிருந்தோம். நாகம்மா என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். "இவங்கதான் உனக்காகப் பொய் சொல்ல நம்ம வூட்டுக்கு வந்தவங்க. பாவம், அதக்கூடச் சரியாச் சொல்லத் தெரியல" என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

அமுதா மாலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"நீங்க வந்துட்டுப் போனதும் அத்தை எனக்கு ஃபோன் பண்ணாங்கக்கா. அந்த ப்ரெஸ்காரங்கள உனக்கு எத்தன வருசமாத் தெரியும்னு கேட்டாங்க. ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன்னு சொன்னேன். 'ஒரு தடவ பாத்ததுக்கா உனக்காக இவ்வளவு தூரம் வந்து பொய் சொன்னாங்க'ன்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அப்பறம், 'முகூர்த்தச் சேலை என்ன கலர்ல எடுக்கட்டும், நீயே சொல்லு'ன்னாங்க."